‘வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம்’ என்று அட்டையில் போட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கணினி பயிற்சி மையம் நடத்துகிறார் இந்த வாசகர். ஊரடங்கு நாட்களில் மாணவர்களுக்கு எழுதி அனுப்பிய பாடங்களைத் தொகுத்து, 2021இல் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகம் ஒன்றைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். ஆயிரம் பிரதி அடித்ததில் முன்னூறு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அச்சுப் புத்தகம் 350 ரூபாய். பிடிஎஃப் 150 ரூபாய். ஜிபேயில் பணம் போட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். விற்பனைக்கு உதவும் என்று பின்னட்டையில் ஒரு வரி சேர்த்தார்: “வாங்கியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் அப்டேட் இலவசம்.”

இப்போது புத்தகத்தில் உள்ள சில நிரல்கள் (கணினிக்கு எழுதும் கட்டளைகள்) ஓடுவதில்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், புத்தகத்தை நம்பித் தயாரானதால் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கோட்டைவிட்டதாகவும், 350 ரூபாயோடு 50,000 ரூபாய் இழப்பீடும் தராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றும் எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம், பழைய மாணவர் ஒருவர் ஆர்வத்தில் ஒரு அத்தியாயத்தையே புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். புத்தகத்தைத் திருத்தலாம் என்று அச்சகத்தில் கேட்டால், பக்கம் அமைத்த கோப்பைத் தர மாட்டோம் என்கிறார்கள்.

வாசகர் கேட்பது: “மென்பொருள் மாறிக்கொண்டேதான் இருக்கும், அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? முதல் பக்கத்திலேயே ‘பிழைகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்று போட்டிருக்கிறேனே, அது போதாதா? பிடிஎஃப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, பரணில் இருக்கும் பிரதிகளுக்கு ‘புதிய பதிப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் என்ன?”

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடிதத்தோடு புத்தகத்தின் ஒரு பிரதியையும் அனுப்பியது நல்லதாயிற்று. சட்டப் புத்தகத்தைத் தொடும் முன் உங்கள் புத்தகத்தைத்தான் பிரித்தோம். என் அலுவலக ஜூனியர் பொறியியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். ஒரு மாலை நேரம் முழுக்க உங்கள் நிரல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பெரும்பாலானவை இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. அந்த மட்டில் கலவரப்பட வேண்டாம். தடுமாறியது குறிப்பாக இரண்டு இடங்களில். உங்கள் கேள்விகளுக்கான பதில் அந்த இரண்டு பக்கங்களிலேயே இருக்கிறது.

87ஆம் பக்கமும் 142ஆம் பக்கமும்

87ஆம் பக்கத்தில் மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டும் ஒரு ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரல். அதன் உள்ளே இருக்க வேண்டிய வரி, அச்சில் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழ்ப் பத்தியை அமைப்பதுபோல் அச்சகத்தில் வரிகளை நேராக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பைத்தானில் வரியின் முன் விடும் இடைவெளி அழகுக்கானது அல்ல, இலக்கணம். அதை அப்படியே பார்த்துத் தட்டினால் இன்டென்டேஷன் எரர், அதாவது இடைவெளிப் பிழை, வருகிறது. 2021இல் தட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

142ஆம் பக்கம் வேறு கதை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஒன்றின் தினசரிக் கணக்கைப் பாண்டாஸ் (அட்டவணைக் கணக்குகளுக்காகப் பைத்தானோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) அட்டவணையில் ஏற்றுகிற பயிற்சி. (நம்மூர்ப் பட்டறைக் கணக்கை எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது. எந்தக் கணினிப் புத்தகத்தைத் திறந்தாலும் அமெரிக்க வீட்டு விலைதானே வருகிறது.) அதில் ஒவ்வொரு நாளின் வரவையும் டேட்டாஃபிரேம் எனப்படும் அந்த அட்டவணையில் அப்பெண்ட் என்ற கட்டளையால் சேர்க்கச் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதியபோது அது முழுக்கச் சரி. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0இல் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கான்கேட் என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, பிறந்தபோதே இருந்த குறை. புத்தகத்தை எப்போது விற்றிருந்தாலும் அதற்கு நீங்கள் பொறுப்பு. இரண்டாவதைப் பொறுத்தவரை, “மென்பொருள் மாறினால் நான் என்ன செய்ய?” என்ற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2022இல் வாங்கியவரிடம் அதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 2024இல், 2025இல் வாங்கியவரிடம்? அவர் பணம் கொடுத்த நாளிலேயே அந்தப் பக்கம் ஓடாது. அது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. போன வருஷத்து நாட்காட்டியைத் தேதி தெரியாமல் சுருட்டிக் கொடுப்பது போலத்தான் இது. ஆகவே ஒரு பிரதியைப் பற்றிப் பேசும்போது நீங்கள் அதை எழுதிய தேதியைப் பார்க்காதீர்கள். விற்ற தேதியைப் பாருங்கள். அன்றைக்கு வாங்குபவரிடம் என்ன சொல்லி விற்றீர்கள் என்பதே கேள்வி.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடு என்பதை விளக்கும்போது, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தோடு நிற்பதில்லை. விற்பவர் எந்த விதத்திலாவது உரிமை கொண்டாடிச் சொன்ன தரத்தையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் பின்னட்டை அந்த ‘எந்த விதத்திலாவது’ என்பதற்குள் வந்துவிடும். ‘ஆசிரியர் பொறுப்பல்ல’ என்று உள்ளே சின்ன எழுத்தில் போட்டது, வெளியே பெரிய எழுத்தில் கொடுத்த வாக்கை அழித்துவிடாது. அது சுத்தமாகப் பயனில்லாத வரி என்று சொல்லவில்லை. உங்கள் நிரலை வாசகர் தன் அலுவலகக் கணக்கில் ஓட்டி ஏதாவது அழிந்துபோனால், அங்கே ஓரளவு கைகொடுக்கும். 87ஆம் பக்கத்துக்குக் கைகொடுக்காது.

பின்னட்டை வாக்குறுதி

‘வாழ்நாள்’ என்றால் யாருடைய வாழ்நாள், ‘அப்டேட்’ என்றால் எதுவரை என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. தெளிவில்லாத வாசகத்தை, எழுதிக் கொடுத்தவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்வது நீதிமன்றங்களின் பொதுவான வழக்கம். இனி இந்தச் சலுகை கிடையாது என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு முடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நிறுத்தலாம். அந்த வரியைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்களுக்கு ஒருதலையாக நிறுத்த முடியாது.

நீங்கள் பயப்படும் அளவுக்கு அது பெரிய சுமையும் இல்லை. அப்டேட் தருகிறேன் என்றுதான் சொன்னீர்கள்; ஒவ்வொரு முறையும் புதிதாக அச்சடித்த புத்தகம் தருகிறேன் என்று சொல்லவில்லை. திருத்திய பிடிஎஃப்பை அனுப்பினாலே வாக்கைக் காப்பாற்றியதாக ஆகும் என்று வாதாடலாம், அதுதான் நியாயமான பொருளும்கூட. பிடிஎஃப் அனுப்ப உங்களுக்கு ஆகும் செலவு நேரம் மட்டும்தான். அச்சுப் பிரதி வாங்கியவர்களுக்கும் பிடிஎஃப்பையே அனுப்புங்கள். வாங்கியதற்கு அத்தாட்சியாக ஜிபே ரசீதோ, பெயர் எழுதிய முதல் பக்கத்தின் படமோ போதும். ஆதார் நகலெல்லாம் கேட்டுவிடாதீர்கள், அதை வாங்கி வைத்திருப்பதே உங்களுக்கு வேறு தலைவலி. வாசகர்களின் எண்களையும் மின்னஞ்சல்களையும் இந்த அப்டேட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதே பட்டியலுக்குப் பயிற்சி மையத்தின் அட்மிஷன் விளம்பரத்தை அனுப்ப வேண்டுமென்றால் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

இனி வரும் பதிப்பில் அந்த வரிக்குப் பதிலாக, காப்பாற்றக்கூடிய ஒன்றைப் போடுங்கள். உதாரணமாக: “இந்தப் புத்தகத்தின் நிரல்கள் பைத்தான் 3.13இல் சோதிக்கப்பட்டவை. இந்தப் பதிப்புக்கான பிழைத்திருத்தங்கள் 2028 டிசம்பர் வரை பிடிஎஃப் வடிவில் இலவசம்.” எந்தப் பதிப்பு, என்ன தருவீர்கள், எதுவரை என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பைத்தானின் புதிய பதிப்பு 2020லிருந்து ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. அப்படியானால் மாதாமாதம் உட்கார்ந்து திருத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தீபாவளி முடிந்ததும் தொடங்கி, பொங்கலுக்குள் எல்லா நிரல்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஒரு திருத்தம் வெளியிடலாம். மொழி அப்படியே தலைகீழாகிவிடும் என்றும் பயப்பட வேண்டாம். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது பிரிண்ட் கட்டளைக்கே அடைப்புக்குறி போட வேண்டியதாயிற்று. ஆனால் 2008 டிசம்பரில் 3.0 வந்த பிறகும், பழையதற்கான ஆதரவை 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். அடிக்கடி மாறுவது பாண்டாஸ் போன்ற ஆயத்த நிரல் தொகுப்புகள்தான். அவற்றைத் தொடும் அத்தியாயங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

சத்தமில்லாமல் மாற்றுவது பற்றி

இது வேண்டாம். அதே பெயரில், அதே முகப்போடு பிடிஎஃப் மட்டும் மாறியிருந்தால், வகுப்பில் ஒரு மாணவர் 142ஆம் பக்கம் என்பார், பக்கத்தில் இருப்பவரின் கோப்பில் அங்கே வேறு ஏதோ இருக்கும். இது நடைமுறைத் தொல்லை. சட்டரீதியாகவும் உங்களுக்கு நட்டம்தான். நாளை ஒரு தகராறு வந்தால், இன்ன தேதியில் இன்ன பிழையைத் திருத்தி எல்லோருக்கும் தெரிவித்தேன் என்று காட்டுவதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி போடுங்கள். பக்க எண், பழைய வரி, புதிய வரி, காரணம் என்று ஒரு பிழைத்திருத்தப் பட்டியல் வைத்து அதை யாரும் பார்க்கும்படி வெளியில் போடுங்கள். பிழையை ஒப்புக்கொண்டால் வழக்குக்கு வழி கொடுத்ததாகிவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். என் அனுபவத்தில் வாசகர் கோபப்படுவது பிழைக்காக அல்ல, கேட்டதற்குப் பதில் வராததற்காக. கணினி அறிவியலின் பெரிய மனிதரான டொனால்ட் குனூத், தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பும் வழக்கம் வைத்திருந்தார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள். நீங்கள் காசு கொடுக்க வேண்டாம், கண்டுபிடித்துச் சொன்ன மாணவரின் பெயரைப் பட்டியலில் போடுங்கள்.

பரணில் இருக்கும் முன்னூறு

‘புதிய பதிப்பு’ ஸ்டிக்கர் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். உள்ளே ஒரு எழுத்துகூட மாறாத புத்தகத்தின் மேல் அதை ஒட்டினால், இதுவரை கவனக்குறைவாக இருந்த விஷயம் தெரிந்தே செய்த நேர்மையற்ற வணிகமாகிவிடும். உங்கள் கடிதத்தில் இருப்பவற்றிலேயே மிக ஆபத்தான வாக்கியம் அதுதான்.

ஸ்டிக்கர் ஒட்டலாம், உண்மையைச் சொல்லி: “2021ஆம் ஆண்டுப் பதிப்பு. மாறிய நிரல்களின் பட்டியலுக்கு இந்தக் கியூஆர் கோடைப் பாருங்கள்.” கூடவே நான்கு பக்கத்தில் ஒரு திருத்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்து, விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். பின்னட்டையின் அந்த வரிமேலும் ஒரு ஸ்டிக்கர் வேண்டும், மறந்துவிடாதீர்கள். அடிப்படைப் பாடங்களுக்கு அந்தப் புத்தகம் இன்னும் பயன்படும். பழைய காகிதக் கடைக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அச்சகமும் பழைய மாணவரும்

அச்சகத்தார் விஷயத்தில் இரு தரப்பும் கொஞ்சம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பக்கம் அமைத்ததால் புத்தகத்தில் அவர்களுக்குப் பதிப்புரிமை வந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பக்க அமைப்பு என்பதைத் தனி உரிமையாக அங்கீகரிக்கவில்லை. எழுத்து உங்களுடையது, வேறு அச்சகத்தில் தாராளமாக அடிக்கலாம். ஆனால் அவர்கள் கணினியில் உருவாக்கிய வேலைக் கோப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு எழுத்துபூர்வமான உடன்பாடு எதுவும் இல்லை. ரசீதில் ‘அச்சுக் கூலி’ என்று மட்டுமே இருக்கிறது. சண்டை போடாமல் ஒரு தொகை பேசி வாங்கப் பாருங்கள். படியாவிட்டால், உங்களிடம் இருக்கும் மூலக் கோப்பிலிருந்து புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். 87ஆம் பக்கத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அதுவே மேல். முகப்பு ஓவியம் மட்டும் கவனம். வரைந்தவரிடம் உரிமையை எழுதி வாங்காமல் புதிய பதிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மாணவர் எழுதிய அத்தியாயம் பற்றி, “என் மாணவன்தானே, என்னிடம் படித்ததைத்தானே எழுதியிருக்கிறான்” என்கிறீர்கள். பாசம் புரிகிறது, சட்டம் அப்படிப் பார்க்காது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் அது முதலாளிக்குச் சேரும். மாணவர் உங்கள் ஊழியர் அல்ல. அந்த அத்தியாயத்தின் பதிப்புரிமை அவருக்கே. அதை உங்களுக்கு மாற்றித் தருவதானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உலகம் முழுக்க பிடிஎஃப் விற்கும் உங்களுக்கு இந்த இரண்டும் முக்கியம். ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: எந்த அத்தியாயம், எந்தப் பதிப்புகள், எவ்வளவு பணம், அவர் பெயர் எங்கே வரும். பணம் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் பெயரைப் போட்டுவிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ‘இதை எழுதியது நான்’ என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே தங்கும்.

புத்தகத்தை மொத்தமாக, யாரும் இலவசமாகப் பகிர அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டால் மற்றவர்களே திருத்திக்கொள்வார்களே என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை, தமிழில் கணியம் இணைய இதழ் போன்ற முயற்சிகள் அந்த வழியில்தான் தொழில்நுட்ப நூல்களைத் தந்துவருகின்றன. ஒருமுறை அந்த உரிமத்தில் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் அத்தியாயத்துக்கு அவர் சம்மதமும் வேண்டும். நடுவழி ஒன்றும் உண்டு. நிரல்களை மட்டும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டுவிட்டு, விளக்கப் பகுதியை உங்களுடையதாகவே வைத்துக்கொள்ளலாம். பழசாவது பெரும்பாலும் நிரல்தான், பாடம் அல்ல. உங்கள் நிலைமைக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

இரண்டாம் பதிப்பு என்று போடுவதானால்

எழுத்துப்பிழை திருத்தி மறுபடி அடித்தால் அது மறு அச்சு, புத்தகத்தை அடையாளம் காட்டும் பழைய ஐஎஸ்பிஎன் எண்ணே போதும். அத்தியாயங்கள் மாறினால் அது புதிய பதிப்பு, புதிய எண் வேண்டும். பிடிஎஃப்புக்குத் தனி எண். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகத் தருகிறது. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். மாற்றமில்லாத மறு அச்சுக்கு விலக்கு உண்டு, திருத்திய பதிப்புக்குக் கிடையாது. தவறினால் அபராதம் 50 ரூபாய் வரையும் புத்தகத்தின் விலையும்தான். சிரிப்பாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

திருநெல்வேலி மாணவருக்கு என்ன எழுதுவது?

“சேலத்தில் வாங்கினான், சேலத்துக்கு வரட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய சட்டப்படி நுகர்வோர் தான் குடியிருக்கும் ஊரிலேயே, அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் நீதிமன்றம் என்று சொல்வது இதைத்தான்) புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள்தான் அங்கே போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் காணொளி வழியாக விசாரிக்கும்படி மனுப் போட வேண்டும். புத்தகம் அவர் அப்பா பெயரில் வாங்கப்பட்டது என்பதும் உதவாது. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. இரண்டு ஆண்டுக் காலக்கெடுவும் தாண்டவில்லை, அவர் வாங்கியது போன வருஷம்.

அதே சமயம், அவர் கேட்கும் 50,000 ரூபாய் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்முகத் தேர்வில் தோற்றதற்கு உங்கள் 142ஆம் பக்கம்தான் காரணம் என்று அவர் நிரூபித்தாக வேண்டும். புத்தக விலையைத் திருப்பிக் கொடுப்பது, குறையைச் சரிசெய்து கொடுப்பது, கொஞ்சம் செலவுத் தொகை. ஆணையம் சொன்னாலும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கும்.

வக்கீல் நோட்டீஸ் பாணியில் பதில் போடாதீர்கள். 19 வயதுப் பையன், வேலை கிடைக்காத கோபத்தில் எழுதியிருக்கிறான். இந்த வாரத்துக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசினாலும் பேசியதைப் பிறகு எழுத்தில் அனுப்புங்கள். 87, 142ஆம் பக்கங்களில் உள்ள குறையை நேராகச் சொல்லுங்கள், திருத்திய பக்கங்களை இணையுங்கள். 350 ரூபாயைத் திருப்பி அனுப்பவா, இரண்டாம் பதிப்பின் அச்சுப் பிரதி வேண்டுமா என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்கவில்லை என்பதை ஒரே வரியில், மரியாதையாக எழுதுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால், ‘இதோடு என் புகார் தீர்ந்தது’ என்று பதில் மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காமல் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் 15 நாள்தான் நீட்டிப்புக் கிடைக்கும். அப்போது இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.